‘மெதுவாக இருக்கிறது’ என்று நாங்கள் சொன்னால்: உலாவி செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புது உலாவியை வெளியிட்டிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் உலாவியை வெளியான அன்றைக்கே இறக்கிப் போட்டுப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு இது ஒரு கெட்ட பழக்கம். எந்த பிரௌசர் வந்தாலும் முதல் நாளே நிறுவி, அரைமணி நேரம் அங்கும் இங்கும் உலவிவிட்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, பழையதற்கே திரும்பிவிடுவேன். என்னைப் போன்ற ஆட்கள் நிறைய. இந்நேரம் எங்கள் கருத்துகளை எல்லாம் அள்ளி ஓர் அட்டவணையில் போட்டிருப்பீர்கள். வேகத்துக்குப் பாராட்டு இத்தனை, தோற்றத்துக்குத் திட்டு இத்தனை என்று எண்ணியும் வைத்திருப்பீர்கள். அதை வைத்து எதையாவது மாற்றப் போகும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். முதல் நாளில் நாங்கள் சொல்கிற சொல்லுக்கும் எங்களுக்கு உள்ளே உறுத்துகிற விஷயத்துக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது. பொய் சொல்கிறோம் என்றில்லை. என்ன உறுத்துகிறது என்று எங்களுக்கே தெரியாது, கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்து வீசுகிறோம்.

அந்தச் சொல் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியதாக இருக்கும். ‘அடேயப்பா, பறக்குது’ என்பார் ஒருவர். அதே நாளில், அதே பதிப்பைப் போட்டுவிட்டு ‘ரொம்ப மெதுவு’ என்பார் இன்னொருவர். நீங்கள் இரண்டு பேருடைய கணினியின் விவரத்தையும் கேட்டு ஆராயத் தொடங்குவீர்கள். தேவையில்லை.

பறக்கிறது என்று சொன்னவரின் பழைய உலாவியை எட்டிப் பாருங்கள். நாற்பது டேப் திறந்து கிடக்கும். எதற்குப் போட்டோம் என்றே மறந்துபோன ஏழெட்டு நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) ஒவ்வொரு பக்கத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். உங்களுடையதில் ஒரே ஒரு டேப், நீட்சி எதுவும் கிடையாது. குடிவந்த அன்றைக்கு எந்த வீடும் விசாலமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து இதே மனிதர் உங்கள் உலாவியிலும் நாற்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு ‘முன்ன மாதிரி இல்ல’ என்பார். ஆகவே அந்தப் பாராட்டை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்.

மெதுவு என்று சொன்னவரிடம் வாருங்கள். அவருடைய பழைய உலாவி, அவர் தினமும் போகிற தளங்களின் படங்களையும் எழுத்துருக்களையும் நிரல்களையும் வட்டில் சேமித்து வைத்திருக்கிறது. உங்களுடையது எல்லாவற்றையும் முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். அதுகூடச் சில நொடிகளோடு போய்விடும். தளங்கள் நம்மை அடையாளம் கண்டுகொள்ள உலாவியில் விட்டுவைக்கும் குக்கி எதுவும் இல்லாததால் ஒவ்வொரு தளமும் அவரை ‘நீங்கள் யார்?’ என்று கேட்கிறது. குக்கிக்கு அனுமதி கேட்கும் பெட்டி, பாஸ்வேர்டு, அப்புறம் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண். பாஸ்வேர்டு நினைவில் இல்லை, ஏனென்றால் அதைப் பழைய உலாவிதான் வைத்திருந்தது. ஒரு மின்னஞ்சலைப் பார்க்கப் பத்து நிமிடம். ‘மெதுவு’ என்று அவர் சொன்னது அந்தப் பத்து நிமிடத்தைத்தான். உங்கள் ஆய்வுக்கூடத்து ஜாவாஸ்கிரிப்ட் சோதனையில் அது பதிவாகியே இருக்காது.

முகவரிப் பட்டையில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. என் பழைய உலாவியில் ஓர் எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் மின்னஞ்சல் வரும். வேறோர் எழுத்துக்குச் செய்தித்தாள், இன்னொன்றுக்கு அகராதி. இதை நான் எங்கேயும் அமைத்து வைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் நான் தட்டியதைப் பார்த்துப் பார்த்து அதுவாகக் கற்றுக்கொண்டது. உங்கள் உலாவியில் அதே எழுத்தைத் தட்டி, கண் பார்க்கும் முன்பே விரல் என்டரை அடித்துவிட்டது. அந்த ஒற்றை எழுத்துக்கான தேடல் முடிவுகள் வந்து நின்றன. திரும்பினேன். இன்னொரு தடவை அதையே செய்தேன். மூன்றாவது தடவையும் செய்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ‘இதுல என்னமோ சரியில்ல’ என்றேன். உங்கள் அட்டவணையில் இந்த வாக்கியம் ‘தெளிவற்ற கருத்து’ என்ற கட்டத்தில் விழுந்திருக்கும்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் புரியும். எழுபது தாண்டியவர். கணினி அவருக்கு நன்றாகவே வரும், ஆனால் அவர் எதையும் பெயர் படித்துத் திறப்பதில்லை, இடம் பார்த்துத்தான் திறப்பார். புக்மார்க் பட்டையில் இடமிருந்து மூன்றாவது செய்தித்தாள், நான்காவது அஞ்சல், ஆறாவது பேரனோடு வீடியோவில் பேசுவது. ஐந்தாவது என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் அது அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆறாவது ஐந்தாவதாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்போது புதிதாக வந்திருந்த ஓர் உலாவியை அவருடைய கணினியில் போட்டுக் கொடுத்தேன். பழையதிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவரட்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். கொண்டும் வந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ‘இறக்குமதி செய்யப்பட்டவை’ என்ற ஒரு கோப்புறைக்குள் போட்டு, அந்தக் கோப்புறையைப் பட்டையின் ஓரத்தில் வைத்திருந்தது. பட்டையின் மற்ற இடமெல்லாம் காலி.

‘எல்லாம் இருக்கு பெரியம்மா. இதுக்குள்ள இருக்கு, இத அழுத்துங்க.’

‘மூணாவதா இருந்துச்சே?’

‘இப்பவும் மூணாவதுதான். இந்தப் பட்டியல்ல மேல இருந்து மூணாவது.’

அவர் சுட்டியைப் பட்டையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், வெற்று இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்தி, ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு தட்டு தட்டினார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் சொன்ன தீர்ப்பு இது: ‘நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ரொம்ப மெதுவா இருக்கு.’

இறக்குமதி வசதியை எழுதிய நிரலாளரிடம் கேட்டால் பிழை எதுவும் இல்லை என்பார். உண்மைதான். தகவல் முழுதாக வந்தது, இடம் மட்டும் வரவில்லை. எண்ணி இருபது புக்மார்க்கையும் பழைய வரிசையில், பழைய பட்டையிலேயே வைப்பதற்கு எத்தனை வரி நிரல் கூடுதலாக வேண்டியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கண் விஷயத்துக்கு வருகிறேன். 2007 ஜூன் 11 அன்று ஆப்பிள் தன் சஃபாரியை விண்டோஸுக்கும் கொண்டுவந்தது. சோதனைப் பதிப்புதான். பாதுகாப்பு ஓட்டைகளை முதல் நாளிலேயே ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றே நாளில் திருத்திய பதிப்பும் வந்தது. அதெல்லாம் அதைப் பற்றியே பேசுகிறவர்களுக்கு. சாதாரணமாக அதை இறக்கிப் பார்த்தவர்கள் பலரும் சொன்னது வேறு: ‘எழுத்தெல்லாம் மங்கலா இருக்கே, கண்ணு வலிக்குது.’

மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் பிழை இல்லை. விண்டோஸ் எழுத்தை வரையும்போது அதன் கோடுகளைத் திரையின் புள்ளிக் கட்டங்களுக்குள் அடங்கும்படி இழுத்துப் பிடித்து நிறுத்தும். எழுத்தின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் சரி, ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் வழி. ஆப்பிளின் வழி நேரெதிர். எழுத்துருவை வரைந்தவர் அச்சுக்கு எப்படி நினைத்தாரோ அந்த வடிவம் மாறக் கூடாது, ஓரம் சற்றுத் தடித்தாலும் போகட்டும். அன்றைய குறைந்த அடர்த்தித் திரைகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் நியாயம் உண்டு, இரண்டுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் விண்டோஸ் திரையில், மற்ற எல்லா எழுத்தும் ஒரு மாதிரி இருக்க, ஒரு சன்னலுக்குள் மட்டும் வேறு மாதிரி எழுத்து இருந்தால் கண் அதை மங்கல் என்றுதான் படிக்கும். பின்னால் வந்த பதிப்பில் விண்டோஸ் முறையையே தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். 2012இல் விண்டோஸ் சஃபாரியே நின்றுபோனது. எழுத்தால்தான் நின்றது என்று சொல்லமாட்டேன், வேறு காரணங்கள் எத்தனையோ. ஆனால் அதை முயன்று பார்த்துவிட்டு அன்றே எடுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு. ஏன் என்று கேட்டிருந்தால் நானும் ‘மெதுவு’ என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

எழுத்து என்றதும் ஒரு சொந்தக் கவலை. தமிழில் படிக்கிற நாங்கள் புது உலாவியைத் திறந்ததும் செய்கிற முதல் சோதனை, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கொம்பு இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோடில்) அது சேமிக்கப்படுவதோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். அதை இடம் மாற்றி வரைவது உலாவியின் வேலை. ஒரு காலத்தில் இரு ஓரமும் சீராக்கிய பத்திகளில் கொம்பு தனியே, கால் தனியே பிரிந்து நின்று, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று எட்டிப் பார்க்கும். இப்போது அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. குரோமும் ஃபயர்பாக்ஸும் இரண்டுமே எழுத்தைக் கோக்க ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறமூல நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன, குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டிய எல்லா உலாவிகளுக்கும் அது இலவசமாக வந்துவிடுகிறது.

தீராதது ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்து, முகவரிப் பட்டையில் அழகாகத் தெரிகிற தமிழ் முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பிப் பாருங்கள். பல உலாவிகளில் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நான்கு வரிக்கு ஒரு குப்பை போய்ச் சேரும். ஒரே ஒரு ‘க’ ஒன்பது எழுத்தாகிவிடும். பெற்றவர் வைரஸ் என்று நினைத்து அழுத்தவே மாட்டார். திரையில் காட்டத் தெரிந்த உலாவிக்கு அதே முகவரியை நகலில் கொடுக்கத் தெரியாதா? உங்களுடையதிலும் செய்து பார்த்தேன். குப்பைதான்.

நம்பிக்கை சம்பந்தமான முதல் நாள் கூச்சலைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஏனென்றால் அங்கே மட்டும் நாங்கள் சொல்வதும் நினைப்பதும் ஒன்றாகவே இருக்கும். 2008 செப்டம்பர் 2 அன்று கூகுளின் குரோம் வந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாளே 38 பக்கச் சித்திரக்கதை ஒன்று வெளியாகி, ஒவ்வொரு டேப்பும் தனித்தனிச் செயல்முறையாக ஓடும், ஒன்று விழுந்தால் மற்றவை விழாது என்று படம் போட்டு விளக்கியிருந்தது. நான் படித்த நல்ல தொழில்நுட்ப விளக்கங்களில் அது ஒன்று. முதல் நாளில் திறந்தவர்கள் வேகத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். விண்டோஸுக்கு மட்டும்தானா என்று மேக், லினக்ஸ்காரர்கள் முறைத்தார்கள். அவர்களுக்கான சோதனைப் பதிப்பு வர 2009 டிசம்பர் ஆயிற்று.

அப்புறம் யாரோ ஒருவர் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவோமே, அந்த ஒப்பந்தத்தைப் படித்தார். அதன் 11ஆம் பிரிவு, இந்த உலாவி வழியாக நீங்கள் அனுப்பும், பதிப்பிக்கும், காட்டும் உள்ளடக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ள நிறுவனத்துக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத உரிமம் தருகிறீர்கள் என்றது. உலாவி வழியாகத்தானே ஒருவர் எல்லாவற்றையும் எழுதுகிறார்? கொதித்துப் போனார்கள். வேறு சேவைகளுக்கு எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டோம் என்று கூகுள் விளக்கம் சொல்லி, உடனே அந்தப் பிரிவை மாற்றியது. ஏற்கெனவே இறக்கியவர்களுக்கும் அந்த மாற்றம் செல்லும் என்றது. முகவரிப் பட்டையில் தட்டுகிற எழுத்துகள் என்டர் அடிக்கும் முன்பே பரிந்துரைக்காக அவர்களுடைய கணினிக்குப் போகின்றன என்பதும் அதே வாரத்தில் கிளம்பியது. அதில் சிறு பகுதியைச் சேமிக்கிறோம் என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும், 24 மணி நேரத்துக்குள் அடையாளத்தை நீக்கிவிடுவோம் என்றார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 2018 செப்டம்பரில், குரோமின் 69ஆம் பதிப்பு வந்தபோது இன்னொன்று. ஜிமெயில் போன்ற ஒரு தளத்துக்குள் நுழைந்தால் உலாவிக்குள்ளும் தானாக நுழைந்துவிட்டது போல் ஆக்கியிருந்தார்கள். உங்கள் தரவு தானாக ஒத்திசைக்கப்படாது என்று சொல்லிப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. அடுத்த பதிப்பில் அதை அணைக்க ஒரு பொத்தான் வந்தது. இரண்டு தடவையும் பயனர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என் வீட்டுக்குள் யார் நிற்கிறார்கள்?

இப்போது அந்தக் கேள்விக்குப் புதுப் பொருள் வந்துவிட்டது. 2025 ஜூலையில் பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட், அக்டோபரில் ஓபன்ஏஐயின் அட்லஸ் என்று, பக்கத்தை நமக்காகப் படித்து நமக்காகப் பொத்தான் அழுத்தும் உலாவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. உங்களுடையதிலும் ஓரத்தில் ஓர் உதவியாளர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் ‘இவருடைய அஞ்சலைத் திறந்து இன்னதைச் செய்’ என்று எவனாவது எழுதி வைத்தால், படிப்பதும் கட்டளைக்குக் கீழ்ப்படிவதும் ஒரே வாயிலாகச் செய்கிற உதவியாளர் ஏமாற வாய்ப்புண்டு என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். முதல் நாளில் ‘இது நான் பாக்குறத எல்லாம் பாக்குதா?’ என்று கேட்கிற பயனரைப் பழமைவாதி என்று ஒதுக்காதீர்கள். 2008இல் ஒப்பந்தத்தைப் படித்தவரின் பக்கத்து இருக்கைக்காரர் அவர். உங்கள் நிறுவல் திரையில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். ‘உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கூடுதல் பயம்தான் வந்தது.

எந்த வசதியை எடுத்துவிட்டீர்கள் என்று பார்க்கிற கூட்டம் இன்னொன்று. பழைய உலாவியை நீங்களே புதிதாகக் கட்டினால் இவர்களிடம்தான் மாட்டுவீர்கள். ஓபரா 2013இல் பக்கத்தை வரைகிற தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறி 15ஆம் பதிப்பை வெளியிட்டபோது, அதில் வழக்கமான புக்மார்க் வசதியே இல்லை. அதற்கு முன்பு வரை அஞ்சல் பெட்டியைக்கூட உலாவிக்குள்ளேயே வைத்திருந்தவர்கள்! பழைய பயனர்கள் எழுப்பிய கூச்சலைச் சொல்லி மாளாது. புக்மார்க் பிறகு திரும்பி வந்தது, பயனர்களில் ஒரு பகுதி திரும்பவில்லை. அவர்களுக்காகவே ஓபரா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் விவால்டி என்று வேறோர் உலாவியைத் தொடங்கி 2015 ஜனவரியில் வெளியே காட்டினார். ஒரு புகார் மூட்டையிலிருந்து ஒரு நிறுவனமே முளைத்தது என்றால் அந்த மூட்டையில் ஏதோ சரக்கு இருந்திருக்கிறது.

எடுத்ததற்கு நியாயம் இருக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய வகை நீட்சிகள் ஒரே நாளில் செத்தன. எனக்குப் பிடித்த இரண்டும் போயின. அன்றைக்கு நானும் திட்டினேன். ஆனால் உலாவியின் உள்ளுறுப்புகளை எல்லாம் தொட்டுத் திருப்ப அந்த நீட்சிகளுக்கு இருந்த உரிமைதான் ஃபயர்பாக்ஸ்காரர்களின் கையைக் கட்டியிருந்தது, அதை விடாமல் வேகத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது என்பது ஒரு மாதத்தில் எனக்கே புரிந்துவிட்டது. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், ஒத்துவராதவர்கள் கொஞ்ச காலம் ஒதுங்கி இருக்க நீண்டகால ஆதரவுப் பதிப்பும் இருந்தது.

‘இந்தத் தளம் திறக்கவில்லை’ என்ற புகாரும் உங்களிடம் குவிந்திருக்கும். அதில் பெரும்பகுதி உங்கள் குற்றம் இல்லை. ‘உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை’ என்று பலகை மாட்டும் தளங்கள், எதிரே வந்திருப்பது யார் என்று பெயரைக் கேட்டுவிட்டு, பட்டியலில் இல்லாவிட்டால் கதவை அடைக்கின்றன. இந்த வியாதி தொண்ணூறுகளிலேயே தொடங்கியது. அன்றைய உலாவியான நெட்ஸ்கேப் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது, தளங்கள் மொசில்லாவுக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்தன, ஆகவே இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றது. பிறகு வந்த சஃபாரி தன்னை மொசில்லா என்றதோடு ‘கெக்கோ (மொசில்லாவின் எஞ்சின்) போன்றது’ என்றும் சேர்த்துக்கொண்டது. குரோம் இவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் சஃபாரி என்றும் சொல்கிறது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா உலாவியும் மொசில்லா/5.0 என்ற பெயரோடுதான் கதவைத் தட்டுகிறது. தன் பெயரையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த விவால்டி 2019 டிசம்பரில் வெறுத்துப்போய் அதையும் எடுத்துவிட்டு, பெரும்பாலான தளங்களிடம் குரோம் போலவே பேசத் தொடங்கியது. ஆனால் இந்த வரலாற்றைப் பயனரிடம் சொல்லிப் பயனில்லை. பழையதில் திறக்கிறது, புதியதில் திறக்கவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்களும் பொய்ப் பெயர் சொல்லிவிடுங்கள், நாங்கள் தப்பாக நினைக்கமாட்டோம்.

முதல் நாளை அவசரப்பட்டு வரவழைப்பதும் ஒரு தொல்லை. நெட்ஸ்கேப் தன் மூல நிரலை 1998இல் திறந்து கொடுத்தது. அந்தத் திட்டத்தில் பெரும்பகுதியைப் புதிதாக எழுதி, நெட்ஸ்கேப் 6 2000 நவம்பரில் வந்தது. பாதி வெந்தும் வேகாததுமாக வந்தது. திறக்கவே நேரம் எடுத்தது, அடிக்கடி விழுந்தது. மெதுவு என்று பயனர்கள் சொன்னது அன்றைக்கு மட்டும் அப்பட்டமான உண்மை. விட்டுப் போனவர்களைத் திரும்ப அழைக்க அந்தப் பெயரால் முடியவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே நிரல் குடும்பத்திலிருந்து அஞ்சல், பக்கம் எழுதும் கருவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உலாவியை மட்டும் தனியே எடுத்து 2002இல் ஃபீனிக்ஸ் என்று விட்டார்கள். பெயர்ச் சிக்கல் வந்து ஃபயர்பேர்டு ஆகி, அதற்கும் சிக்கல் வந்து ஃபயர்பாக்ஸ் ஆகி, 2004 நவம்பர் 9 அன்று 1.0 வந்தபோது கதையே வேறு. அன்றைய பயனர்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் துள்ளிக் குதிக்கும் விளம்பரச் சன்னல்களோடு மூன்று ஆண்டாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். திறந்ததும் அந்தச் சன்னல்கள் வரவில்லை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வந்தபோது ஒரே நாளில் 80 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டு கின்னஸ் சாதனையாக ஆனது. நானும் அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டியவன். இரண்டு கணினியில் இறக்கினேன், அதனால் இரண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு வேண்டுவது ஒன்றிரண்டுதான். உங்கள் உலாவி நேற்று திறந்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, ‘என்னை இயல்பு (டிஃபால்ட்) உலாவியாக ஆக்கட்டுமா?’ ஒரு பக்கம்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் செருப்பைக் கழற்றும் முன் முகூர்த்தத் தேதி கேட்ட மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன், மறுபடி திறந்தபோது மறுபடி கேட்டது. ஒரு வாரம் கேட்காமல் இருங்கள். அந்த ஒரு வாரத்தில் முகவரிப் பட்டை என் ஒற்றை எழுத்துகளில் பாதியைக் கற்றுக்கொண்டிருக்கும், பாஸ்வேர்டுகளும் உள்ளே வந்திருக்கும். அப்போது கேட்டால் அநேகமாகச் சரி என்பேன்.

கருத்து கேட்கும் படிவத்தையும் முதல் நாளில் நீட்டாதீர்கள். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கேட்டால் நாங்கள் ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடத்தான் பார்ப்போம். அதற்குப் பதில், ‘பழையதுக்கு எதுக்காகத் திரும்பிப் போனீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். நான் நேற்று மூன்று தடவை போனேன். ஒரு பாஸ்வேர்டு பார்க்க, ஒரு பக்கத்தை அச்செடுக்க, அப்புறம் தவறிப்போய் மூடிவிட்ட டேப்பைத் திரும்பத் திறக்கும் குறுக்குவிசை உங்களுடையதில் வேறாக இருந்ததால் கோபத்தில் ஒரு தடவை. இந்த மூன்றும் உங்களுக்கு எந்த நட்சத்திரத்திலும் கிடைக்காது.

உங்கள் இறக்குமதியையும் பார்த்தேன். எல்லா புக்மார்க்கும் வந்திருக்கிறது, பட்டையின் ஓரத்தில் ஒரு கோப்புறைக்குள். அடுத்த மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறேன், அவருடைய கணினிக்கும் வயதாகிவிட்டது, புதிதாக ஏதாவது போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்குள் அந்த வரிசையை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஐந்தாவதையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் உலாவியை இன்னும் நீக்காத ஒரு பயனர்